மலிவு யூஎஸ்பி நுணுக்குக்காட்டியில் நாணயக்குத்திப் பேதங்கள் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதிதாக யூஎஸ்பி நுணுக்குக்காட்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். போத்தலில் சேர்த்த சில்லறையை மேசையில் கொட்டி, உருப்பெருக்கத்தை உச்சத்துக்கு ஏற்றி, ஒவ்வொரு குத்தியாக வைத்துப் பார்க்கிறார்கள். அன்றிரவே பத்துப் பன்னிரண்டு ‘இரட்டை அச்சு’ கிடைத்துவிடுகிறது. விவரம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனால் அத்தனையும் வெளிச்சத்தின் விளையாட்டு என்று திரும்பி வருகிறது.

கருவியின் மலிவில் பிழையில்லை. வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் கண், பிறகு தராசும் கைவில்லையும், கடைசியில்தான் நுணுக்குக்காட்டி. கைவில்லையில் சந்தேகம் எழுந்த இடத்தைச் சரிபார்க்கவும் படமெடுக்கவும் அது அருமையான கருவி. சந்தேகத்தையே அது உண்டாக்கத் தொடங்கினால் நேரம்தான் வீண்.

மூன்று சொற்களை முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சு என்பது வெறும் உலோகத் தகட்டில் அடித்து உருவத்தைப் பதிக்கும் உருக்குக் கட்டை. அச்சிலேயே இருக்கும் வேறுபாடு பேதம். அந்த அச்சில் அடித்த எல்லாக் குத்திகளிலும் அது ஒரே இடத்தில் வரும். ஒரு குத்தியை அடிக்கும்போது மட்டும் நேர்ந்தது பிழை. நாணயம் அடிக்கும் ஆலையை விட்டு வெளியே வந்தபின் ஏற்பட்டது சேதம். கீழேயுள்ள வேலை முழுவதும் ஒரு குத்தியை இந்த மூன்றில் எந்தக் கூடையில் போடுவது என்று தீர்மானிக்கத்தான்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நுணுக்குக்காட்டியும் மடிக்கணினியும் போக, 10 மடங்கு கைவில்லை ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு, வேணியர் இடுக்கிமானி, மில்லிமீற்றர் கோடுகள் தெளிவாக உள்ள உருக்கு அடிமட்டம், கழுத்து வளையும் மேசை லாம்பு, சிறிய காந்தம், மூக்குக் கண்ணாடி துடைக்கும் மென்துணி.

இவற்றை விட முக்கியமானது ஒன்று: பார்க்கப் போகும் குத்தியின் அதே ஆண்டு, அதே பெறுமதியுள்ள சாதாரணக் குத்திகள் இரண்டு மூன்று. இயல்பானது எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்கு எல்லாமே விசேஷமாகத்தான் தெரியும். ‘விடுபட்ட கோடு’ என்று கொண்டாடப்பட்டவை பல, அந்த ஆண்டுக் குத்திகள் எதிலுமே இல்லாத கோடுகள்.

2. வாங்கும்போது பார்க்க வேண்டியது

பெட்டியில் போட்டிருக்கும் 1000 மடங்கு, 1600 மடங்கு என்ற எண்களை மறந்துவிடுங்கள். வில்லை கொடுப்பதல்ல அது. திரையில் படத்தை இழுத்துப் பெருப்பித்த கணக்கு. பார்க்க வேண்டியது உணரியின் உண்மையான படப்புள்ளி அளவு. மிக மலிவானவற்றில் 640க்கு 480தான் இருக்கும். பெட்டியில் 2 மெகாபிக்சல் என்று எழுதியிருந்தாலும் மென்பொருள் இடைநிரப்பிய எண்ணாக இருக்கலாம். முடிந்தால் உண்மையாகவே 1920க்கு 1080 தரும் ஒன்றை எடுங்கள்.

எவ்வளவு உருப்பெருக்கம் தேவை என்பதை நாமே கணக்கிடலாம். 1984 ஆண்டிட்ட 5 ரூபாய்க் குத்தியின் விட்டம் 23.5 மில்லிமீற்றர். 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் உயரம் ஏறத்தாழ 194 மில்லிமீற்றர். ஆகவே முழுக் குத்தியும் திரையை நிரப்ப 8 மடங்கு போதும். 5 மில்லிமீற்றர் அகலமான ஒரு பகுதி திரையின் முழு அகலத்தையும் நிரப்ப 70 மடங்கு. இந்த 8 முதல் 70 வரைதான் உங்கள் உலகம். அதற்கு மேலே போனால் உலோகத்தின் பரு மட்டுமே தெரியும், எழுத்து தெரியாது.

அடுத்தது தாங்கி. வளையும் கழுத்தும் உறிஞ்சும் அடியும் கொண்ட தாங்கி பத்து நிமிடத்தில் மெதுவாகத் தலை குனியும். குவியம் ஓடிக்கொண்டே இருக்கும். திருகினால் மேலும் கீழும் நகரும் உலோகத் தாங்கி உள்ளதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பாடசாலை ஆய்வுகூடங்களில் இருக்கும் தாங்கியும் கவ்வியும் இதை விட உறுதியானவை.

3. மேசையும் இடமும்

30 மடங்கில் மேசையின் சிறு அதிர்வும் திரையில் 30 மடங்காகத் தெரியும். மேசைவிசிறி அதே மேசையில் இருக்கக் கூடாது. கணினியில் தட்டும்போதே படம் ஆடினால் கணினியையும் நுணுக்குக்காட்டியையும் வேறு வேறு மேசைகளில் வையுங்கள். கேபிள் தொங்கிக் கருவியை இழுக்காதபடி அதைத் தாங்கியோடு ஒரு ரப்பர் வளையத்தால் கட்டுங்கள்.

திருகோணமலையில் இன்னொரு சங்கடம் கடற்காற்று. டச்சு விரிகுடாப் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ யன்னலைத் திறந்து வைத்து வேலை செய்தால் வில்லையிலும் குத்தியிலும் உப்பு ஈரம் படியும். யன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள். வெளிச்சமும் கட்டுக்குள் வரும்.

4. இணைப்பும் அமைப்பும்

பெரும்பாலான கருவிகள் சாதாரண வெப்கேமராவாகவே கணினிக்குத் தெரியும். விண்டோசில் ஏற்கனவே உள்ள கேமரா செயலியைத் திறந்து, கேமரா மாற்றும் பொத்தானை அழுத்தினால் போதும். முகம் தெரிந்தால் மடிக்கணினியின் சொந்தக் கேமரா திறந்திருக்கிறது. கருவியோடு வரும் சிறிய குறுந்தட்டு மென்பொருளை நிறுவ வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை.

அன்ட்ரொயிட் ஃபோனில் ஓடிஜி வசதி, அதாவது வெளிக்கருவியை ஃபோனோடு இணைக்கும் வசதி வேண்டும். சில ஃபோன்களில் அமைப்புகளுக்குள் போய் அதை இயக்க வேண்டும். திரை கறுப்பாகவே இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிள்: சார்ஜ் மட்டும் ஏற்றும் வயரில் படம் வராது.

பிறகு மூன்று அமைப்புகள். படஅளவை உச்சத்தில் வையுங்கள். பல செயலிகள் சின்ன அளவில்தான் திறக்கும். ஒளி மினுங்கலைக் குறைக்கும் அமைப்பை 50 ஹேர்ட்ஸில் வையுங்கள்; நமது மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ், 60இல் விட்டால் ரியூப்லைற்றின் கீழ் கறுப்புப் பட்டைகள் ஓடும். கடைசியாக, வெள்ளைக் கடுதாசி ஒன்றைக் காட்டி நிறச்சமநிலையைச் சரிசெய்து பூட்டுங்கள். பூட்டாவிட்டால் ஒரே செப்புக்குத்தி ஒரு படத்தில் சிவப்பாகவும் அடுத்ததில் மஞ்சளாகவும் வரும். பிறகு எதையும் ஒப்பிட முடியாது.

5. அளவுகோல் பிடித்தல்

இந்தக் கருவிகளில் குவியமும் உருப்பெருக்கமும் பிணைந்தவை. கருவி குத்தியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்தே உருப்பெருக்கம். சக்கரத்தைத் திருப்புவது அந்தத் தூரத்துக்குக் குவியத்தைப் பிடிக்கத்தான். அதனால் சக்கரத்தில் போட்டிருக்கும் எண்களுக்குப் பெறுமதி இல்லை.

அடிமட்டத்தைக் குத்தி இருக்கும் உயரத்திலேயே வைத்து, 1 மில்லிமீற்றர் திரையில் எத்தனை மில்லிமீற்றராகத் தெரிகிறது என்று இன்னொரு அடிமட்டத்தால் அளவுங்கள். 40 என்றால் 40 மடங்கு. அந்த அடிமட்டத்தையும் ஒரு படம் எடுத்துச் சேமியுங்கள். பிறகு படத்தில் எதையும் அளக்க அதுவே அளவுகோல். கருவியை உயர்த்தியோ தாழ்த்தியோ விட்டால் புதிதாகப் பிடிக்க வேண்டும்.

வேலைக்கு மூன்று நிலைகள் போதும்: முழுக் குத்தி, கால் குத்தி, ஆண்டு இலக்கம் மட்டும். மூன்று உயரங்களையும் தாங்கியின் தண்டில் மை போட்டு அடையாளம் இடுங்கள். ஒவ்வொரு முறையும் தேடி அலைய வேண்டியதில்லை.

6. குத்தியைக் கையாளுதல்

விளிம்பில் மட்டும் பிடியுங்கள். அடியில் மென்துணி. கருவியின் முன்னாலுள்ள தெளிந்த பிளாஸ்ரிக் வளையம் குத்தியில் முட்டினால் கீறும். இறக்கும்போது திரையைப் பாராமல் குத்தியைப் பாருங்கள்.

புளி, தேசிக்காய், பற்பசை, பித்தளை மினுக்கும் திரவம் எதுவும் வேண்டாம். கோயில் விளக்குக்குச் செய்வதைக் காசுக்கும் செய்து பார்க்கும் பழக்கம் நம்மிடம் வலுவாக உண்டு. அமிலமும் உரசலும் எழுத்தின் ஓரத்தைத்தான் முதலில் தின்னும்; பேதத்தைத் தீர்மானிக்கும் சான்றும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. தூசு மட்டும் என்றால் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். ஒட்டுப் பசையோ பிளாஸ்ரிக் உறையின் பச்சைப் பிசினோ இருந்தால் சுத்தமான அசிற்றோனில் சில நிமிடம் விட்டு, காய்ச்சி வடித்த நீரில் அலசி, தேய்க்காமல் உலர விடுங்கள். நகப்பூச்சு அகற்றியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது வேண்டாம். அசிற்றோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் விளக்குக்கும் அடுப்புக்கும் தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

குத்தி சமமாகக் கிடக்க வேண்டும். ஒரு பாதி தெளிவாகவும் மறுபாதி மங்கலாகவும் வந்தால் குத்தி சாய்ந்திருக்கிறது. குத்தியின் அடியில் எதையும் ஒட்டாமல், துணிக்கு அடியிலுள்ள மட்டைக்குக் கீழே ஒரு பக்கம் கடுதாசி மடித்து வைத்துச் சரிசெய்யுங்கள்.

7. முதலில் கருவி இல்லாத சோதனைகள்

நிறுங்கள், விட்டம் அளவுங்கள், காந்தம் காட்டுங்கள். 1942 ஆண்டிட்ட ஒரு சதம் தடித்த 4.72 கிராம் தகட்டிலும் மெல்லிய 2.36 கிராம் தகட்டிலும் உண்டு. எந்த உருப்பெருக்கமும் இதைக் காட்டாது. தராசு ஒரு நொடியில் காட்டும்.

5 ரூபாய் 1984இல் நிக்கல் பித்தளையில் 9.5 கிராம். 2005 ஆண்டிட்டது பித்தளை முலாமிட்ட உருக்கில் ஏறத்தாழ 7.7 கிராம்; இது காந்தத்தில் ஒட்டும், பழையது ஒட்டாது. முலாமிட்ட குத்தியா முழு உலோகமா என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 10ஆம் பகுதியில் வரும் பொய் இரட்டிப்பு ஒன்று முலாமிட்டவற்றில் மட்டுமே வரும்.

அச்சுத் திருப்பத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். விளிம்பில் மேலும் கீழுமாகப் பிடித்து, பக்கவாட்டில் புத்தகத் தாள் போலத் திருப்புங்கள். மறுபக்கம் நேராக வருகிறதா, தலைகீழாக வருகிறதா, இடையில் சரிந்து நிற்கிறதா? அதே ஆண்டின் சாதாரணக் குத்தியோடு ஒப்பிடுங்கள். சில பாகை சரிவை யாரும் பொருட்படுத்துவதில்லை.

8. வெளிச்சம்

இந்தப் பகுதியைப் பாய்ந்து கடப்பவர்கள்தான் மீண்டும் மீண்டும் இங்கேயே திரும்பி வருகிறார்கள்.

கருவியின் வாயைச் சுற்றி எட்டு எல்ஈடி இருக்கும். நாற்புறமும் ஒரே அளவில் ஒளி விழுவதால் நிழல் இல்லாமல் போகிறது; நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. புதிய நிக்கல் அல்லது துருவேறா உருக்குக் குத்தியில் எட்டு வெள்ளைப் பொட்டுகள்தான் தெரியும். கேபிளிலுள்ள சக்கரத்தால் அவற்றை அணைத்துவிடுங்கள்.

மேசை லாம்பை இடது மேற்புறத்தில், மணிக்கூட்டில் பத்து மணி இருக்கும் திசையில் வையுங்கள். மேசையிலிருந்து 20 முதல் 30 பாகை உயரம் போதும். இடது மேற்புறம் ஏன்? வெளிச்சம் மேலிருந்து வரும் என்றே நமது கண் எப்போதும் எடுத்துக்கொள்ளும். லாம்பு கீழ்ப்பக்கத்தில் இருந்தால் புடைப்பு பள்ளமாகவும் பள்ளம் புடைப்பாகவும் மாறித் தெரியும். கீறலை ‘அச்சு வெடிப்பு’ என்று எழுதிக் கொண்டுவருபவர்களின் படங்களில் லாம்பு அநேகமாகக் கீழேதான் இருக்கும்.

ஒரு கோடு மேடா பள்ளமா என்று தெரிய எளிய வழி உண்டு. அதற்குப் பக்கத்திலுள்ள எழுத்தைப் பாருங்கள். எழுத்து நிச்சயம் மேடு. எழுத்தின் எந்தப் பக்கம் பளிச்சென்று இருக்கிறதோ அதே பக்கம் கோட்டிலும் பளிச்சிட்டால் கோடும் மேடு. எதிர்ப்பக்கம் பளிச்சிட்டால் பள்ளம், அதாவது கீறல்.

இனி லாம்பை அசைக்காமல் குத்தியை 90 பாகை திருப்புங்கள். பிறகு இன்னொரு 90. உலோகத்தில் உண்மையாக உள்ளது எழுத்தின் அதே பக்கத்தில் எழுத்தோடு சேர்ந்து சுற்றும். நிழல் லாம்புக்கு எதிர்ப்பக்கத்திலேயே நிற்கும். நான்கு திசையிலும் நின்றுபிடிக்காத எதையும் அந்த இடத்திலேயே கைவிடுங்கள். கொட்டிய சில்லறையில் கிடைத்த ‘இரட்டை அச்சு’களில் பெரும்பகுதி இந்தப் படியிலேயே உதிர்ந்துவிடும்.

மினுக்கம் கூடிய குத்திக்கு வெள்ளை யோகட் கப் ஒன்றை எடுத்துக் கழுவி, அடிப்பாகத்தில் கருவியின் வாய் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டுங்கள். கவிழ்த்துக் குத்திக்கு மேல் வைத்து, லாம்பை வெளியிலிருந்து அடியுங்கள். கப்பின் சுவர் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும். ஆனாலும் லாம்புப் பக்கம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் மேடு பள்ளம் மறையாது. ட்ரேசிங் பேப்பரைக் குழலாகச் சுருட்டினாலும் சரி.

9. பார்க்கும் ஒழுங்கு

கைவில்லையில் ஒரு சுற்று. பிறகு நுணுக்குக்காட்டியில் முழுக் குத்தி, கால் குத்தி, கடைசியில் இலக்கம். முழுப் படத்தில் தொடங்காவிட்டால் நீங்கள் பார்ப்பது குத்தியின் எந்த மூலை என்றே தெரியாமல் போகும்.

கால் குத்தி நிலையில் எப்போதும் ஒரே பாதையில் போங்கள்: ஆண்டு, ஆலைக்குறி (எந்த ஆலையில் அடித்தது என்று காட்டும் சிறு குறி), பிறகு விளிம்பெழுத்துகள் மணிக்கூட்டுத் திசையில், அடுத்து நடு உருவம், வெற்றுத் தளம், கடைசியாக விளிம்பு. பாதை மாறினால் ஏதாவது ஒரு மூலை எப்போதும் விடுபடும்.

ஆண்டிலும் ஆலைக்குறியிலும் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இலக்கங்களை அச்சில் கையால் குத்துவது சாதாரணம்; குத்து விலகினால் மீண்டும் குத்துவார்கள், பழைய இலக்கத்தின் கால் புதியதன் பக்கத்தில் எட்டிப் பார்க்கும். ஆலைக்குறி மிகச் சின்னது என்பதால் கண்ணுக்குத் தப்பும்: 1912 ஆண்டின் சதுர 5 சதத்தில் பர்மிங்காம் ஹீற்றன் ஆலையின் ‘எச்’ எழுத்து உண்டு. நமது பெட்டிகளில் எப்படியோ வந்து சேரும் இந்தியக் குத்திகளில் ஆண்டின் கீழே வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. தேய்ந்த வைரமும் வட்டப்புள்ளியும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். 30 மடங்கில் மூலைகள் தெரிந்துவிடும்.

இலங்கைக் குத்திகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வசதி உண்டு. ‘இலங்கை’ என்ற சொல்லில் ‘ங்’கின் புள்ளியைப் பாருங்கள். குத்தியில் மேடாக இருப்பது அச்சில் குழி. தனியாக நிற்கும் மிகச் சின்னக் குழி அந்தப் புள்ளிதான். அச்சில் கிரீசும் உலோகத் தூளும் அடைபடும்போது முதலில் நிரம்புவதும் அதுதான். புள்ளி மங்கினால் அல்லது மறைந்தால் அச்சு அடைபட்டது என்று பொருள். புள்ளி இல்லாத புது வகை என்று எண்ணிவிடாதீர்கள். அடைப்பைத் துடைத்ததும் அதே அச்சு மீண்டும் புள்ளியோடு அடிக்கும். பேதக் கூடையில் அல்ல, பிழைக் கூடையில் போடுங்கள்.

10. இரட்டிப்பு: நான்கு காரணங்களைப் பிரித்தறிதல்

எழுத்து இரண்டாகத் தெரிந்தால் அது நான்கு வழியில் வந்திருக்கலாம். ஒன்றுதான் பேதம்.

*உண்மையான இரட்டை அச்சு.* அச்சைச் செய்யும்போதே உருவம் இருமுறை விலகிப் பதிந்தது. அச்சிலுள்ள இரண்டு குழிக்குள்ளும் உலோகம் பாய்வதால் இரண்டு உருவமும் உருண்டு திரண்டு நிற்கும். எழுத்தின் மொத்தத் தடிப்பு கூடும். எழுத்துகளின் முனைகள் பிளந்து சிறு வெட்டுப் போலத் தெரியும். மூலைகளில் பிரிகோடு இருக்கும். முனையில் பிளவு இல்லாவிட்டால் மிகவும் சந்தேகப்படுங்கள்.

*அடிக்கும்போது வந்த இரட்டிப்பு.* அடி விழுந்தபின் அச்சு சற்று வழுக்கி, ஏற்கனவே எழும்பிய எழுத்தின் ஓரத்தைச் சப்பையாக அமுக்கிவிடுகிறது. ஓரத்தில் தட்டையான, பளபளப்பான, தாழ்ந்த படிக்கட்டு ஒன்று தெரியும். எழுத்தின் மேற்பாகம் இயல்பை விட ஒடுங்கியிருக்கும். பெரும்பாலும் எல்லா எழுத்திலும் ஒரே திசை. புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். இதற்குத் தனி மதிப்பு இல்லை.

சாதாரணக் குத்தியில் அதே எழுத்தின் அகலத்தை அளந்து பாருங்கள். இரட்டிப்பையும் சேர்த்த அகலம் கூடியிருந்தால் முதல் வகையாக இருக்கலாம். மொத்த அகலம் அப்படியே இருக்க, மேற்பாகம் மட்டும் ஒடுங்கியிருந்தால் இரண்டாவது.

*அச்சு தேய்ந்ததால் வந்த வீக்கம்.* ஆயிரமாயிரம் அடி அடித்த அச்சின் எழுத்தோரங்கள் அரிந்துவிடும். எழுத்து வீங்கி, ஓரம் கரைந்து, விளிம்பை நோக்கி இழுபட்டது போல இருக்கும். பக்கத்துத் தளம் தோடம்பழத் தோல் போலக் கரடாக இருந்தால் ஐயமே வேண்டாம்.

*முலாம் கிழிவு.* 2005க்குப் பிந்திய முலாமிட்ட குத்திகளில் எழுத்தின் ஓரமாக மெல்லிய சாம்பல் அல்லது துருநிறக் கோடு ஓடும். அடி விழும்போது முலாம் நீண்டு கிழிந்து உள்ளேயுள்ள உருக்கு வெளித்தெரிகிறது. நிறத்தைக் கொண்டு இனங்காணலாம்: பித்தளை மஞ்சளுக்குப் பக்கத்தில் சாம்பல். நமது கடற்காற்றில் அந்தக் கோடு விரைவாகத் துருப்பிடிப்பதால் இரட்டிப்புப் போல இன்னும் தடிக்கும்.

11. மற்றவை, சுருக்கமாக

அச்சு வெடிப்பு எப்போதும் மேடான, வளைந்து நெளிந்த கோடு. எழுத்தின் மேலும் ஏறிப் போகும். கீறல் பள்ளம், எழுத்தில் மோதினால் அதைச் சிதைக்கும். விளிம்பிலிருந்து ஒரு துண்டு அச்சு உடைந்து போயிருந்தால் அங்கே உருவமற்ற திரட்சி இருக்கும்.

நடுவில் தகடு இல்லாமல் இரண்டு அச்சும் மோதிக்கொண்டால் ஒரு பக்க உருவத்தின் நிழல் மறுபக்கத் தளத்தில் பதியும். இதைச் சரிபார்க்க, மறுபக்கத்தின் படத்தைக் கணினியில் கண்ணாடி விம்பமாகத் திருப்பி மேலே பொருத்துங்கள். கோடுகள் பொருந்தினால் மோதல். பொருந்தாவிட்டால் வேறு ஒரு குத்தி அமுக்கிய சேதம். இரண்டு காசை இடுக்கியில் வைத்து நசுக்கினால் இப்படித்தான் வரும்.

முலாமிட்ட குத்தியில் கொப்புளங்கள் முலாமுக்கு அடியில் வாயு சிக்கியதால் வருபவை. இலக்கத்தின் பக்கத்தில் ஒரு கொப்புளம் நின்றால் ‘மேலெழுதிய ஆண்டு’ என்று சத்தியம் செய்யத் தோன்றும். கொப்புளம் வழவழவென்று உருண்டையாக இருக்கும். இலக்கத்துக்கோ நேர்க்கோடோ கூர்மூலையோ கட்டாயம் இருக்கும்.

12. ஒப்பிடுதல்

சந்தேகக் குத்தியையும் சாதாரணக் குத்தியையும் ஒரே உயரம், ஒரே லாம்பு, ஒரே திசையில் படமெடுங்கள். கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் இரண்டையும் இரு படலமாகத் திறந்து, மேலுள்ளதன் ஒளிபுகும் அளவை 50 சதவீதமாக்கி, நடு உருவத்தைப் பொருத்துங்கள். பிறகு ஆண்டைப் பாருங்கள். இலக்கம் விலகி நின்றால் இரண்டும் வெவ்வேறு அச்சில் அடித்தவை.

அதே பேதத்தோடு இரண்டாவது குத்தி ஒன்று கிடைக்கும்வரை ‘பேதம்’ என்று எழுத வேண்டாம். ‘ஐயம்’ என்று எழுதிப் பெட்டியில் வையுங்கள். அச்சிலுள்ள வேறுபாடு என்றால் இரண்டாவது எங்கோ கட்டாயம் இருக்கும்.

13. படமும் பதிவும்

கருவியின் உடலிலுள்ள பொத்தானால் படம் எடுக்காதீர்கள், அழுத்தும்போது ஆடும். கணினியில் இரண்டு விநாடித் தாமதம் வைத்து எடுங்கள்.

உயர் உருப்பெருக்கத்தில் எழுத்தின் உச்சி தெளிந்தால் தளம் மங்கும். சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி நான்கைந்து படமெடுத்து, குவிய அடுக்கு மென்பொருளில் ஒன்றாக்கலாம். தினமும் செய்யத் தேவையில்லை. பிறருக்குக் காட்டும் படத்துக்கு மட்டும்.

ஒவ்வொரு குத்திக்கும் குறைந்தது நான்கு படம்: இரு பக்கம் முழுதாக, சந்தேக இடம் இரண்டு ஒளித்திசைகளில். கோப்பின் பெயரிலேயே பெறுமதி, ஆண்டு, பக்கம், இடம், ஒளித்திசை, உருப்பெருக்கம் எல்லாம் வரட்டும். நிறையையும் விட்டத்தையும் கொப்பியில் எழுதுங்கள். நெருக்கப் படம் மட்டும் அனுப்பினால் பார்க்கும் எவராலும் கருத்துச் சொல்ல முடியாது.

14. விஓசி செப்புக்காசுகள்

திருகோணமலையில் பழைய வீடுகளில் ஒல்லாந்தர் காலச் செப்பு, அதாவது விஓசி எனப்படும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் காசுகள், வந்து சேர்வது புதுமையல்ல. மெல்லிய, வட்டமான துயித் காசுகள் ஒல்லாந்திலேயே அடித்தவை. மாகாணச் சின்னமும் சிறு ஆலைக்குறியும் பார்க்க வேண்டும். தடித்த, ஒழுங்கற்ற ஸ்ருய்வர் காசுகள் இங்கேயே அடித்தவை. அவற்றில் விஓசி கூட்டெழுத்தின் மேலுள்ள ஆங்கில எழுத்துத்தான் ஆலையைச் சொல்லும்: ‘சி’ கொழும்பு, ‘ஜி’ காலி, ‘ஐ’ யாழ்ப்பாணம், ‘ரி’ திருகோணமலை.

தேய்ந்த காசில் ‘ரி’யும் ‘ஐ’யும் குழம்பும். லாம்பை 10 பாகை வரை தாழ்த்துங்கள். ‘ரி’யின் குறுக்குக்கோடு கிடையாக இருப்பதால் வெளிச்சம் மேலிருந்து, பன்னிரண்டு மணித் திசையிலிருந்து விழும்போதுதான் அதன் எச்சம் எழும்பும். பக்கத்திலிருந்து அடித்தால் நிமிர்ந்த தண்டு மட்டும் தெரிந்து ‘ஐ’ என்று நினைக்க வைக்கும். அடி நடுவிலிருந்து விலகி எழுத்துத் தகட்டுக்கு வெளியே போன காசுகளும் நிறைய உண்டு; அவற்றில் இல்லாத எழுத்தை ஊகிக்க வேண்டாம்.

இங்கே பேதங்களுக்குக் கணக்கில்லை. அச்சுகள் எல்லாமே கையால் வெட்டியவை. அதனால் ‘இரட்டை அச்சு’ தேடுவதை விட, இரு காசுகள் ஒரே அச்சில் அடித்தவையா என்று பார்ப்பதே பயனுள்ள வேலை.

பச்சை மாவு போல உதிரும் புள்ளி இருந்தால் அந்தக் காசைத் தனிப் பெட்டியில் வையுங்கள். உப்பால் வரும் அரிப்பு அது, ஈரம் இருக்கும்வரை பரவும். இன்னொன்று: 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்கள் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகின்றன. கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ கிடைத்தால் அறிவிக்க வேண்டியது கடமை.

15. வேலை முடிந்தபின்

கருவியை வெறுமனே மேசையில் விடாதீர்கள். மாரி மழைக்காலத்தில் வில்லையின் உட்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். திறந்து துடைக்க வழியில்லை. மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகள் சிலவற்றோடு வையுங்கள். நிறம் மாறும் மணிகள் உள்ளவையென்றால் எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும்.

குத்திகளுக்கு மென்மையான, மணம் வீசும் பீவீசி உறைகள் வேண்டாம். விறைப்பான பொலியெஸ்ரர் உறை அல்லது அமிலமற்ற கடுதாசி உறை. ஐயப் பெட்டியிலுள்ளவற்றை மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, அன்று எடுத்த அதே ஒளித்திசையில் மறுபடி ஒரு படம் எடுங்கள். துரு நகர்ந்திருக்கிறதா, கோடு அப்படியே இருக்கிறதா என்பது அப்போது தெரியும்.